பழைய செனட்டர் ரீலில் கார்பன் வாஷர் போட்டாயிற்று, டிராக்கை எவ்வளவு வைப்பது?

தெம்பனீஸ்_அன்பு

எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா வைத்திருந்த பென் செனட்டர் 4/0 மீன்பிடி ரீல் இப்போது என்னிடம் இருக்கிறது. கருஞ்சிவப்பு பேக்லைட் தட்டு, குரோம் வளையம், ஸ்டார் டிராக் (மீன் இழுக்கும்போது லைன் எவ்வளவு இறுக்கத்தில் ஓட வேண்டும் என்று வைக்கும் பிரேக்; கைப்பிடி அருகே உள்ள நட்சத்திர வடிவச் சக்கரத்தால் திருகுவது). துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் அவர் வாங்கியது. அவர் போன பிறகு ஆறு வருடம் ஸ்டோர் ரூமில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. சின்ன வயதில் இங்கே சிங்கப்பூரில் பிடோக் ஜெட்டியில் அவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பேன். ராத்திரி இந்த ரீலின் 'கிர்ர்' சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பேன். அதனால் இதை விற்கவோ சும்மா வைத்திருக்கவோ மனம் வரவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கினேன். பழைய டிராக் வாஷர்களுக்குப் பதில் கார்பன் ஃபைபர் வாஷர் (மெயின் கியருக்குள் ஐந்து, அடியில் ஒன்று), துருப்பிடிக்காத எஃகில் கியர் ஸ்லீவ் (கைப்பிடி உட்காரும் தண்டு), நீளமான கைப்பிடி. பக்கத்தட்டும், லைன் சுற்றும் ஸ்பூலும் பழையவைதான். திரும்பக் கொடுக்கும்போது, "இனி 15 கிலோ வரைக்கும் இழுக்கும், பயப்படாமல் இறுக்கு" என்றார்கள்.

நானும் இறுக்கினேன். 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்), அதன் நுனியில் கொக்கிப் பக்கம் 40 பவுண்டு தங்கூஸ் (ஒற்றை நைலான் நரம்பு) லீடர். போன பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை இரவு, ஜெட்டியின் முனையில் நல்ல நீரோட்டம். கணவாயை முழுசாகக் கோத்து விட்டிருந்தேன். ஒன்பதரை மணிக்கு ஒன்று எடுத்தது. முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, பெரிய திருக்கை. ராட் தடுப்புக் கம்பிமேல் மடிந்து நின்றது, ஸ்பூல் சுற்றவே இல்லை. ரீலுக்குள் 'கிறீச்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி எல்லாம் லேசாகிவிட்டது. சுற்றி எடுத்தால் பிரெய்டு முழுசாக வந்தது, லீடர் இல்லை. பிரெய்டின் நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது.

அடுத்த வாரம் பயந்துபோய் ரொம்பத் தளர்த்தி வைத்தேன். அன்றைக்குப் பிடித்தது நேராகத் தூணைச் சுற்றிக்கொண்டது. சிப்பியில் உரசி அதுவும் போயிற்று.

ஆக, இந்த ரீலில் டிராக்கை எத்தனை கிலோவுக்கு வைக்க வேண்டும்? அதை எப்படி அளப்பது? கையால் இழுத்துப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

---

சாங்கி_பாய்

தம்பி, லைன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 50 பவுண்டு லைனுக்கு 16, 17 பவுண்டு, கிலோவில் ஏழரை. நான் இருபது வருடமாக இப்படித்தான் வைக்கிறேன்.

ஜெட்டியில் தூண் பக்கமாக நின்றால் மீனைத் திரும்ப விடக்கூடாது. நடுவில் நின்று போட்டுப் பார். முனையில் எப்போதும் கூட்டம், பக்கத்து ராடோடு சிக்கிக்கொள்ளும்.

---

துவாஸ்_மெக்கானிக்

அன்பு, நான் துவாஸில் கப்பல் பட்டறையில் கிரேன் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஊர் தங்கச்சிமடம். பாய் சொன்ன மூன்றில் ஒரு பங்கு தப்பில்லை, ஆனால் உன்னுடைய ரீலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது.

முதலில் அந்தப் பன்றிவால். நுனி சுருண்டு வந்தால் லைன் அறுந்ததில்லை, முடிச்சு வழுக்கி உருவிக்கொண்டது. அறுந்திருந்தால் நுனி நேராக இருக்கும், உரசியிருந்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இரண்டாவது வாரம் தூணில் போனதே, அதன் நுனி பிசிறாகத்தான் இருந்திருக்கும், பார்த்தாயா? உன் பிரெய்டு 50 பவுண்டு, லீடர் 40. ஆனால் அன்றைக்கு உன்னிடம் இருந்தது அந்த முடிச்சின் பலம் மட்டும்தான். பிரெய்டு வழவழப்பானது, தங்கூஸில் போடும் அதே சுற்றைப் போட்டால் பிடிக்காது. பிரெய்டையும் தங்கூஸையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சு கற்றுக்கொள். போட்டதும் எச்சில் தொட்டு, கையில் துணி சுற்றி, பலமாக இழுத்து இறுக்கு. பிரெய்டின் நிறம் கொஞ்சம் மாறி, தங்கூஸைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அது முடிச்சு.

அடுத்தது கணக்கு. கணக்கை எப்போதும் வரிசையில் பலம் குறைந்த ஆளை வைத்துத் தொடங்க வேண்டும். உனக்கு அது 40 பவுண்டு லீடர், அதாவது 18 கிலோ. முடிச்சு எவ்வளவு நன்றாகப் போட்டாலும் அதில் கொஞ்சம் போகும். பிரெய்டு இழுபடாது, மீன் தலையை உதறினால் அந்த அடி அப்படியே முடிச்சுக்கு வரும். தங்கூஸ் மட்டும் போட்டிருந்த உங்கள் அப்பா காலத்தில் அந்த அடியில் பாதியை நரம்பே நீண்டு வாங்கிக்கொள்ளும். அதனால் பிரெய்டில் நான் மூன்றில் ஒன்று வைப்பதில்லை, நான்கில் ஒன்றுதான். 18-இல் நான்கில் ஒன்று நாலரை கிலோ. உனக்கு நான் சொல்லும் எண் அதுதான்.

நாலரைதானா, 15 என்றார்களே என்று தோன்றும். 15 கிலோவை நீயே பிடித்துப் பார். லைனைக் கீழ்த்தளத்தில் ஒரு தூணில் கட்டிவிட்டு, ராடை மீன் பிடிக்கும் மாதிரி நிமிர்த்தி, யாரையாவது தராசைப் பார்க்கச் சொல்லிப் பின்னால் சாய். ஆறேழு கிலோவிலேயே இடுப்பும் தோளும் சொல்லிவிடும். இரண்டு மீட்டர் ராடின் நுனியில் தொங்கும் எடை, கையில் பிடித்துத் தூக்கும் எடை இல்லை. அது நெம்புகோலின் தப்பான பக்கத்தில் நீ நிற்பது.

இப்போது ரீலின் உள்ளே. கார்பன் வாஷர் போட்டதால் என்ன மாறியது என்பதை விளங்கிக்கொள். மோட்டார் சைக்கிள் கிளட்சைப் பிரித்துப் பார்த்திருக்கிறாயா? ஒரு உராய்வுத் தட்டு, ஒரு இரும்புத் தட்டு என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். இதுவும் அதே வேலைதான். ஸ்டாரை அழுத்தும் விசை ஒன்றாக இருந்தாலும், உரசும் முகங்கள் கூடக்கூடப் பிடி கூடும். பழையதைவிட உனக்கு முகங்கள் அதிகம். அப்பா ஸ்டாரை அரைச் சுற்று திருப்பியபோது கிடைத்த பிடி, உனக்குக் கால் சுற்றிலேயே வந்துவிடும். கை பழைய கணக்கிலேயே இறுக்கும், ரீல் புதுக் கணக்கில் பிடிக்கும். அன்றைக்கு ஸ்பூல் சுற்றாமல் நின்றது இதனால்தான்.

அந்த 'கிறீச்' சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வாஷரையும் ஸ்லீவையும் மாற்றினாய், தட்டு பேக்லைட்தான். பலமாக இழுக்கும்போது அந்தத் தட்டு லேசாக வளையும். வளைந்தால் ஸ்பூலின் அச்சு சாயும், ஸ்பூலைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல்லும் மெயின் கியர் பல்லும் நேராகச் சந்திக்காது. பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் அந்தச் சின்ன நாக்கும் அதன் ஸ்பிரிங்கும் அதே தட்டின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கிரேனில் மோட்டாரை மட்டும் பெரிதாக்கிவிட்டு, கம்பி வடத்தையும் கொக்கியையும் பழையதாகவே விட்டால் என்ன ஆகும்? எங்கள் பட்டறையில் அப்படி ஒரு வேலைக்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். உன் ரீலுக்கு இப்போது பெரிய மோட்டார், பழைய உடம்பு. ஆறு கிலோவுக்கு மேல் அதைக் கேட்காதே. அலுமினியத் தட்டும் சட்டமும் போட்ட பிறகு வேறு பேச்சு.

இன்னொன்று, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மீன் லைனை எடுத்துக்கொண்டு போகப் போக, ஸ்பூலில் லைன் குறைந்து வட்டம் சின்னதாகும். ஸ்டாரை நீ தொடவே வேண்டாம், டிராக் தானாகக் கூடும். நிறைந்த ஸ்பூலின் குறுக்களவு 7 செ.மீ., நீ வைத்தது 4.5 கிலோ என்று வைத்துக்கொள். மீன் ஓடி அது 5 செ.மீ. ஆகிவிட்டால் டிராக் 6.3 கிலோ. பாதியானால் 9. தூரத்தில் ஓடிய லைனைத் தண்ணீரும் பிடித்து இழுக்கும். அதனால் மீன் தூரமாகப் போகும்போது பதறி இறுக்குவது முழுத் தப்பு. கொஞ்சம் தளர்த்துவதுதான் சரி. திரும்பி வந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவா.

எங்கள் அப்பா கடைசி வரை ரீல் வைத்துப் பிடித்ததில்லை. கைத்தூண்டில்தான். ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருப்பார், நரம்பு அதன்மேல் ஓடும். சீலா எடுத்து ஓடும்போது விரலை மடக்குவார், நீட்டுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் என் கையில் நரம்பைக் கொடுத்து, "பிடிக்காதே, போக விடு. ஆனா சும்மா போக விடாதே" என்றார். டிராக் என்று கேட்டால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும். நாலரை கிலோ என்பது அந்த விரலின் வேலையை ஸ்டாருக்குக் கற்றுக்கொடுப்பது.

அளக்கும் விதம்: லைனை ராடின் எல்லா வளையங்களிலும் விட்டு, நுனியில் தராசைக் கட்டு. ரீலிலிருந்து நேராக இழுத்தால் குறைவாகக் காட்டும், வளைந்த ராடின் வளையங்களும் உரசுகிறதே. நீ ராடைச் சண்டை போடும் கோணத்தில் பிடி. இன்னொருவர் தராசைப் பிடித்துக்கொண்டு சாதாரண நடையில் பின்னால் போகட்டும். இரண்டு எண்ணைப் பார்: ஸ்பூல் கிளம்பும் அந்த நொடியில் காட்டுவது ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டுவது ஒன்று. நாலரை என்று நான் சொன்னது ஓடும் எண். இரண்டுக்கும் இடைவெளி அதிகம் இருந்தால் எழுது, அது வேறு நோய்.

---

தென்தீவு_லதா

மெக்கானிக் அண்ணன் எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். தராசு பற்றி மட்டும் நான் ஒன்று சொல்ல வேண்டும், நானே மாட்டிக்கொண்ட விஷயம்.

நம் வீட்டில் எல்லாம் ஊருக்குப் போகப் பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று இருக்கும். அன்பு, நீங்களும் அதைத்தான் எடுப்பீர்கள். அது வேண்டாம். பெட்டி ஆடாமல் நின்றதும் எண்ணைப் பூட்டிக்கொள்ளும்படி செய்தது அது. லைன் ஓடிக்கொண்டே இருக்கும்போது எண் குதிக்கும், இல்லையென்றால் முதல் இழுப்பின் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் அதை நம்பி ஒரு வருடம் குறைவான டிராக்கில் மீன் பிடித்திருக்கிறேன். முள்ளு ஓடும் வில் தராசு வாங்குங்கள். பழக்கடையில் தொங்குமே, அந்த மாதிரி.

அதுவும் இல்லையென்றால் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கைப்பிடி உள்ள ஐந்து லிட்டர் பாட்டிலில் நாலரை லிட்டர் ஊற்றி லைனில் கட்டுங்கள், ராடைத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பி, பிறகு ஒரே சீராக இறங்க வேண்டும். எழும்பாமலே லைன் ஓடினால் தளர்வு. எழும்பி அப்படியே தொங்கினால் இறுக்கம். விட்டு விட்டுக் குலுங்கி இறங்கினால் வாஷரில் கோளாறு. வீட்டுக்குள் செய்தால் தரையில் துண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

நான் படகில் தென்தீவுகள் பக்கம் போகிறேன், என்னுடையது ஸ்டாருக்குப் பதில் நெம்புகோலால் டிராக் வைக்கும் லீவர் டிராக் ரீல். அதில் ஒரு வசதி, 'ஸ்ட்ரைக்' என்ற இடத்தில் லீவரை நிறுத்தி அந்த இடத்தில் எண்ணை அளந்து வைத்துவிடலாம், சண்டையில் கூட்டிக் குறைத்தாலும் அதே இடத்துக்குத் திரும்ப வரலாம். அளவு மாற்றும் குமிழை மட்டும் லீவர் முழுக்கப் பின்னால், 'ஃப்ரீ'யில் இருக்கும்போதுதான் திருப்ப வேண்டும். ஸ்டாரில் அப்படிக் குறித்த இடம் கிடையாது, நீங்களே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

---

தெம்பனீஸ்_அன்பு

நன்றி அண்ணா, நன்றி அக்கா, பாய். அப்பாவிடம் கேட்காமல் விட்டதை நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கிறது.

வில் தராசு வாங்கினேன். பழைய பிரெய்டை எடுத்துவிட்டுப் புதிதாக 250 மீட்டர் நானே சுற்றினேன். நேற்று ராத்திரி புளோக்கின் கீழ்த்தளத்தில் தம்பியை இழுக்கச் சொல்லி அளந்தோம். விசித்திரமாக இருக்கிறது: ஸ்டாரை எவ்வளவு இறுக்கினாலும் மூன்று கிலோவுக்கு மேல் போகவில்லை. முன்பு ஸ்பூல் சுற்றாமல் நின்ற ரீல் இது. வாஷர் போய்விட்டதா?

---

துவாஸ்_மெக்கானிக்

வாஷர் போகவில்லை. பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டிச் சுற்றினாயா? ஸ்பூலின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி இழுக்கச் சொல். கோடு நகராமல் லைன் மட்டும் போகிறதா பார்.

---

தெம்பனீஸ்_அன்பு

ஆமாம் அண்ணா! கோடு அப்படியே நிற்கிறது, லைன் கட்டு முழுசும் ஸ்பூலின்மேல் வழுக்கிச் சுற்றுகிறது.

---

துவாஸ்_மெக்கானிக்

அதுதான். பிரெய்டு குரோம் ஸ்பூலைப் பிடிக்காது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடியில் தங்கூஸ் பத்துப் பதினைந்து மீட்டர் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் பிரெய்டை ஈரத்துணியில் பிடித்து இறுக்கிச் சுற்று. தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது மேல் லைன் கீழ் லைனுக்குள் புதைந்து சிக்கும். நல்லவேளை, ஜெட்டியில் தெரியாமல் கீழ்த்தளத்தில் தெரிந்தது.

---

தெம்பனீஸ்_அன்பு

தங்கூஸ் அடியில் போட்டுச் சுற்றிவிட்டேன். இப்போது ஸ்டார் சொன்னபடி கேட்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு எண்: கிளம்பும்போது 6.8, ஓடும்போது 4.6. பத்து முறை இழுத்தோம், ஏறக்குறைய அதேதான். தம்பி, "முதல்ல பிடிச்சுக்கிட்டு அப்புறம் டப்புன்னு விடுது" என்கிறான்.

---

துவாஸ்_மெக்கானிக்

2.2 கிலோ இடைவெளி கார்பனுக்கு ரொம்ப அதிகம். மீன் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் உன் முடிச்சு 6.8-ஐத்தான் தாங்க வேண்டும், 4.6-ஐ இல்லை. திறந்து பார்.

கைப்பிடி, ஸ்டார் எடுத்து, பக்கத்தட்டைக் கழற்று. கீழே வெள்ளைத் துணி விரித்து, எடுக்கும் வரிசையிலேயே ஒவ்வொன்றாக வை, போனில் படம் எடுத்துக்கொள். இரும்பு வாஷர் இரண்டு விதம்: காது உள்ளவை மெயின் கியரின் பள்ளத்தில் உட்காரும், நடுத்துளை தட்டையாக உள்ளவை ஸ்லீவில் உட்காரும். இவை மாறி மாறி, இடையில் ஒவ்வொரு கார்பன். ஒரே விதம் இரண்டு சேர்ந்து வந்தால் யாரோ தப்பாக அடுக்கியிருக்கிறார்கள்.

ஸ்டாருக்குக் கீழே கிண்ணம் மாதிரி வளைந்த ஸ்பிரிங் வாஷர் இரண்டு இருந்தால் அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்றும் கவனி. இரண்டு உள்ளங்கையைக் குவித்து எதிரெதிராக வைத்த மாதிரி இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருந்தால் விறைப்பாகிவிடும், ஸ்டாரைக் கொஞ்சம் திருப்பினாலே டிராக் ஏறிவிடும்.

அப்புறம் இரும்பு வாஷர்களை விரலால் தடவிப் பார். கண்ணைவிட நகம் நன்றாகச் சொல்லும்.

---

தெம்பனீஸ்_அன்பு

அண்ணா, நகம்தான் சொல்லிற்று. வரிசை சரி, ஸ்பிரிங் வாஷரும் சரி. ஆனால் கார்பன் எல்லாம் சுத்தமாக உலர்ந்திருக்கிறது, கிரீஸ் வாசனைகூட இல்லை. இரும்பு வாஷர்களை மாற்றவே இல்லை, பழையவற்றையே போட்டிருக்கிறார்கள். காது உள்ள ஒன்றில் உள்விளிம்பைச் சுற்றி வளையம் மாதிரி துரு. பார்வைக்கு வெறும் கறை. நகத்தை ஓட்டினால் ஒரு இடத்தில் தட்டி நிற்கிறது. அந்த இடத்தில் கார்பனிலும் மெல்லிய கோடு விழுந்திருக்கிறது.

இதைத் தேய்த்தால் போதுமா, புதிது வாங்க வேண்டுமா?

---

துவாஸ்_மெக்கானிக்

வளையவில்லை என்றால் தேய்த்தால் போதும். கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வை, அதன்மேல் தண்ணீர்த்தாள் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) 600 நம்பர், பிறகு 1000. தண்ணீர் விட்டு, வாஷரை இரண்டு விரலால் அழுத்தி எட்டு எழுதுகிற மாதிரி தேய். கையில் பிடித்துத் தேய்க்காதே, விளிம்பு இறங்கிவிடும். கண்ணாடிமேல் வைத்துத் தட்டிப் பார்த்தால் 'டக் டக்' என்று ஆடக்கூடாது.

பிறகு டிராக்குக்கென்று விற்கும் டெஃப்லான் கலந்த கிரீஸ். வண்டி பேரிங் கிரீஸ் வேண்டாம், சூட்டில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். கார்பனின் இரண்டு பக்கமும் தடவி, நெய்த இழைகளுக்குள் போகும்படி விரலால் தேய்த்துவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடை. பளபளப்பு மட்டும் இருந்தால் போதும். கிரீஸ் போட்டால் உச்சப்பிடி கொஞ்சம் குறையும், அது உனக்குத் தேவையே இல்லை. கிளம்பும் உதறல் போகும், உப்புத் தண்ணீரும் இரும்பைத் தொடாது.

மூடிய பிறகு முப்பது மீட்டர் அளவு நாலைந்து முறை இழுத்துவிட்டு, அப்புறம் அளந்து எழுது.

---

சாங்கி_பாய்

மெக்கானிக் சொன்னதைப் படித்துவிட்டு நானும் என் ரீலை அளந்தேன். கையால் பார்த்து ஏழரை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தராசில் ஐந்து. அன்பு, நான் முதலில் சொன்ன ஏழரையை எடுத்துக்கொள்ள வேண்டாம். அளந்த எண்ணை வைத்துக்கொள்.

---

தெம்பனீஸ்_அன்பு

அளந்துவிட்டேன். கிளம்பும்போது 5.0, ஓடும்போது 4.6.

லதா அக்கா சொன்ன அடையாளமும் வைத்தாயிற்று. கைப்பிடியும் ஸ்டாரும் ஒரே ஸ்லீவில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பதால், கைப்பிடித் தண்டில் ஒரு புள்ளியும் அதற்கு நேரே ஸ்டாரின் ஒரு காலில் ஒரு புள்ளியும் வைத்தால் எங்கே போனாலும் அந்த இடம் தெரிகிறது. அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வைத்தேன். அம்மா எதற்கு என்று கேட்டார், அப்பாவின் ரீலுக்கு என்றேன். ஒன்றும் சொல்லாமல் ஒளிக்கு நேராகப் பிடித்து அவரே இரண்டாவது புள்ளியை வைத்தார்.

நேற்று வெள்ளி இரவு ஜெட்டிக்குப் போனேன். பாய் சொன்னபடி முனையை விட்டு நடுவில் நின்றேன். காத்திருக்கும்போது ஸ்பூலை விடுவித்து, லைன் ஓடினால் சத்தம் போடும் கிளிக்கர் மட்டும் போட்டு, ராடைக் கயிற்றால் கம்பியில் கட்டியிருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு அந்தச் சத்தம். கிளிக்கரை எடுத்து, ஸ்பூலை மாட்டி, ஸ்டாரைத் தொடவே இல்லை.

ஓடியது. ஆனால் இந்த முறை ராட் மடிந்து நிற்கவில்லை, லைன் ஒரே சத்தத்தில் போய்க்கொண்டே இருந்தது, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. எண்பது மீட்டர் போயிருக்கும். அப்போது இறுக்கக் கை துடித்தது உண்மை. நீங்கள் சொன்ன 7, 5 கணக்கு ஞாபகம் வந்தது. சிவப்புப் புள்ளியை அரை விரல் அளவு பின்னால் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் நின்றது. பிறகு அடியில் ஒட்டிக்கொண்டது, திருக்கைக்கே உள்ள குணம், தரையைக் கவ்விக்கொள்ளும். ராடை அசையாமல் இழுத்துப் பிடித்து, இறுகிய லைனை விரலால் மீட்டிக்கொண்டே இருந்தேன். ஏழெட்டு நிமிடம் கழித்து எழும்பியது.

மொத்தம் நாற்பது நிமிடம். பக்கத்தில் இருந்த மலாய் மாமா வளைய வலையை இறக்கித் தூக்கிக் கொடுத்தார். லைனைப் பிடித்துத் தூக்காதே, டிராக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காற்றில் தொங்கும் எடை வேறு என்று அவரும் சொன்னார். அகலம் எழுபது செ.மீ. வாலில் முள் இருந்தது, அதை அவரே துணி போட்டு அமுக்கிக்கொண்டார். 'கிறீச்' சத்தம் ஒருமுறைகூட வரவில்லை. முடிச்சைப் பார்த்தேன், எஃப்ஜி, ஒரு இழைகூட நகரவில்லை.

பாதியை மாமாவுக்குக் கொடுத்துவிட்டேன். மீதி இன்றைக்கு அம்மா குழம்பு வைக்கிறார்.

---

தென்தீவு_லதா

அன்பு, படிக்கும்போதே எனக்குக் கை வியர்த்துவிட்டது. ரொம்பச் சந்தோஷம்.

---

துவாஸ்_மெக்கானிக்

அரை விரல் தளர்த்தினாய் பார், அந்த இடத்தில்தான் மீன் உனக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் கழுவினாயா? குழாயைப் பலமாகத் திறந்து அடிக்காதே, உப்பு உள்ளே போகும். கழுவும்போது ஸ்டார் இறுகியிருக்கட்டும், தண்ணீர் வாஷருக்குள் போகாது. துடைத்துக் காய்ந்த பிறகு முழுசாகத் தளர்த்தி வை.

---

தெம்பனீஸ்_அன்பு

கழுவி, துடைத்து, தளர்த்தி வைத்துவிட்டேன் அண்ணா. இரண்டு சிவப்புப் புள்ளியும் இப்போது வெகு தூரத்தில் நிற்கின்றன. ரீல் பிஸ்கட் டின்னில் இல்லை, ஹாலில் அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது.